ஜாங்கோ 4.2-இலிருந்து 5.2-க்கு மாறும்போது: உடைவதும், சத்தமில்லாமல் மாறுவதும்

கேள்வி: மொரிஷியஸ் ரோஸ் ஹில்லில் இருக்கிறோம். எங்கள் கோவில் இணையதளம் ஜாங்கோ 4.2-இல் (பைத்தான் மொழியில் இணையதளம் கட்டும் சட்டகம்) ஓடுகிறது. காவடிப் பதிவு, நன்கொடை ரசீது, அர்ச்சனை முன்பதிவு எல்லாம் அதில்தான். ஆங்கிலம், பிரெஞ்சு, தமிழ் என மூன்று மொழிகளில் பக்கங்கள் உண்டு. வாடகை சர்வரில் உபுண்டு 22.04 இயங்குதளம், மரியாடிபி 10.6 தரவுத்தளம். பார்த்துக்கொள்வது இரண்டு தன்னார்வலர்கள். 5.2-க்குப் போவதா, நேராக 6.0-க்கே போய்விடலாமா? என்னென்ன உடையும்?

பதில்: 5.2-க்குப் போங்கள். 4.2-க்குப் பாதுகாப்புத் திருத்தங்கள் ஏப்ரல் 2026 வரைதான். 5.2 நீண்டகால ஆதரவுப் பதிப்பு. ஏப்ரல் 2025-இல் வந்தது, ஏப்ரல் 2028 வரை திருத்தங்கள் கிடைக்கும். டிசம்பர் 2025-இல் வந்த 6.0 அதைவிடப் புதியது என்றாலும் அதன் ஆதரவு ஏப்ரல் 2027-இலேயே முடிகிறது. அதற்குப் பைத்தான் 3.12 வேண்டும், உபுண்டு 22.04-உடன் வருவதோ 3.10. அந்த 3.10-இலேயே 5.2 ஓடும். இரண்டு பேர் ஓய்வு நேரத்தில் பார்க்கும் தளத்துக்கு, புதிய வசதிகளைவிட, அடிக்கடி கைவைக்காமல் இருக்க முடிவதுதான் பெரிது.

உடைவதைப் பற்றி அதிகம் கவலைப்பட வேண்டாம். பிழைச் செய்தி காட்டி நிற்கும் பக்கத்தைச் சோதனையின்போதே பிடித்துவிடலாம். ரசீதில் தேதி ஒரு நாள் தள்ளி அச்சாவது, பிரெஞ்சுப் பக்கத்தில் தொகையின் சதம் காணாமல் போவது, படங்கள் வேறு இடத்தில் போய்ச் சேமிக்கப்படுவது இவைதான் பல மாதங்கள் தெரியாமலேயே கிடக்கும். ஆகவே அவற்றையே விரிவாகச் சொல்கிறோம்.

முதலில் வேலையின் வரிசை. 4.2-இன் கடைசித் திருத்தப் பதிப்புக்கு வந்து, சோதனைகளை எல்லா எச்சரிக்கைகளும் தெரியும்படி ஓட்டுங்கள். பைத்தானை அழைக்கும்போது டபிள்யூ-ஏ தேர்வைச் சேர்த்தால் போதும். 5.0-இலும் 5.1-இலும் நீக்கப்படுபவை எல்லாம் 4.2-இலேயே எச்சரிக்கையாக வந்துவிடும். அவற்றை அங்கேயே சரிசெய்யுங்கள். கூடுதலாக நிறுவிய செயலிகள் ஒவ்வொன்றும் 5.2-ஐ ஆதரிக்கிறதா என்று பாருங்கள். பெரும்பாலும் தாமதம் வருவது இவற்றால்தான். பிறகு தரவுத்தளத்தின் நகல் ஒன்றில் 5.0, 5.1, 5.2 என்று படிப்படியாக ஏறுங்கள். ஒவ்வொரு படியிலும் சோதனையை ஓட்டி, மேக்மைக்ரேஷன்ஸ் கட்டளையைச் செக் தேர்வோடு கொடுத்து, எதிர்பாராத மைக்ரேஷன் (தரவுத்தளத்தை மாற்றும் கோப்பு) எதுவும் முளைக்கவில்லை என்று உறுதிசெய்யுங்கள். உண்மையான சர்வரில் மூன்று முறை ஏற்ற வேண்டியதில்லை, அங்கே ஒரே தடவையில் 5.2 போடலாம்.

இனி நேரம். 5.0 முதல் யூஸ்_டிஇசட் (நேர வலயங்களைக் கணக்கில் எடுப்பதா என்பது) அமைப்பின் இயல்பு மதிப்பு ஃபால்ஸிலிருந்து ட்ரூ ஆகிவிட்டது. செட்டிங்ஸ் கோப்பில் இந்த வரி எழுதப்பட்டிருந்தால் உங்களுக்கு ஒன்றும் ஆகாது. கையால் சுருக்கி எழுதிய கோப்புகளில் அது இல்லாமல் இருப்பதுண்டு. அப்போது என்ன நடக்கும் என்று பாருங்கள். மரியாடிபி நேரத்தைச் சேமிக்கும்போது அது எந்த வலயத்தின் நேரம் என்று குறித்து வைப்பதில்லை. இதுவரை மொரிஷியஸ் நேரமாக எழுதப்பட்ட 21:30 என்பதை 5.2 உலகப் பொதுநேரம் (யூடிசி) என்று எடுத்துக்கொண்டு, அதோடு நான்கு மணி கூட்டி, மறுநாள் 01:30 என்று காட்டும். இரவு எட்டு மணிக்கு மேல் வந்த நன்கொடைகள் அத்தனையும் அடுத்த நாள் கணக்கில் விழும். மொத்தத் தொகை சரியாகவே இருப்பதால் பொருளாளர் கண்ணில் படாது. அன்றாடக் கணக்கை ரசீதுப் புத்தகத்தோடு ஒப்பிடும்போதுதான் தெரியவரும்.

இதற்கு எங்கள் யோசனை: மேம்படுத்தும் நாளில் நேரத்தில் கைவைக்காதீர்கள். யூஸ்_டிஇசட் ஃபால்ஸ் என்று ஒரு வரியைச் செட்டிங்ஸில் எழுதிவிட்டு 5.2-க்கு ஏறுங்கள். 5.2 அதை முழுமையாக ஏற்கும். மொரிஷியஸில் கோடைக்காக மணியை மாற்றும் வழக்கம் இல்லாததால் உள்ளூர் நேரத்தை அப்படியே சேமிப்பதில் பெரிய சிக்கலும் கிடையாது. பிரான்சிலோ இங்கிலாந்திலோ இருக்கும் பக்தர்கள் தங்கள் ஊர் நேரத்தில் பதிவு செய்ய வேண்டும் என்று வந்தால், அப்போது தனி வேலையாக மாற்றிக்கொள்ளலாம்.

மாற்றுவதானால் முதலில் செட்டிங்ஸில் டைம்_ஸோன் (தளத்தின் நேர வலயம்) என்ன என்று பாருங்கள். அது இந்தியன்/மொரிஷியஸ் என்றிருந்தால், தானாகப் பதிவானவை, மனிதர்கள் தட்டியவை என எல்லா நேரப் புலங்களிலிருந்தும் நான்கு மணியைக் கழிக்க வேண்டும். யூடிசி என்றிருந்தால் தானாகப் பதிவானவை ஏற்கெனவே பொதுநேரம்தான், அவற்றைத் தொடக் கூடாது. அந்த நிலையில், படிவத்தில் மனிதர்கள் தட்டிய நேரங்கள் மட்டும் உள்ளூர் நேரமாக இருக்கும். ஆகவே புலம் புலமாகப் பிரித்துப் பார்க்க வேண்டும். தேதி மட்டும் உள்ள புலங்களுக்கு இந்த மாற்றம் வேண்டாம். பயனர் கடைசியாக நுழைந்த நேரம் போன்ற ஜாங்கோவின் சொந்த அட்டவணைகளை மறந்துவிடாதீர்கள். மொரிஷியஸில் 2008 அக்டோபர் முதல் 2009 மார்ச் வரை மணியை ஒன்று முன்தள்ளிப் பார்த்தார்கள். அந்த மாதங்களின் பழைய பதிவுகளை ஏற்றி வைத்திருந்தால் அவற்றுக்கு ஐந்து மணி கழிக்க வேண்டும்.

கழிப்பதைத் தரவுத்தளத்தில் நேராகக் கட்டளை தட்டிச் செய்யாதீர்கள். பைத்தான் நிரலை ஓட்டும் ரன்பைத்தான் கொண்ட ஒரு மைக்ரேஷனாக எழுதுங்கள். ஓடிமுடிந்தது என்று ஜாங்கோ பதிந்துகொள்வதால் இரண்டாம் முறை ஓடாது. பாதியில் பிழை வந்தாலும் எல்லாமே பழைய நிலைக்குத் திரும்பும். திரும்பக் கூட்டும் பின்செயலையும் கூடவே எழுதி வையுங்கள். ஓடும் நேரத்தில் தளம் மூடியிருக்க வேண்டும்.

மாற்றிய பின் இன்னும் இரண்டு பொறிகள் உண்டு. தேதிவாரி அறிக்கை காலியாக வந்தால், மரியாடிபியில் நேர வலய அட்டவணைகள் ஏற்றப்படவில்லை என்று பொருள். சர்வரோடு வரும் டிஇசட்இன்ஃபோ கருவியால் ஒரு முறை ஏற்றினால் போதும். மற்றொன்று, இன்றைய தேதியை டைம்ஸோன் நவ் என்பதிலிருந்து நேரடியாகப் பிரித்தெடுப்பது. அது பொதுநேரத்தின் தேதி. நள்ளிரவு முதல் விடியற்காலை நான்கு மணி வரை உங்களுக்கு நேற்றைய தேதியையே தரும். அதிகாலை அபிஷேகத்துக்கு மூன்றரை மணிக்குப் பதிபவர்களின் முன்பதிவு முந்தைய நாளில் போய் உட்காரும். லோக்கல்டேட் என்ற சார்பைப் பயன்படுத்துங்கள்.

அடுத்தது எண்கள். 5.0-இல் யூஸ்_எல்10என் (எண்களையும் தேதிகளையும் மொழிக்கேற்பக் காட்டுவதா என்பது) என்ற அமைப்பே நீக்கப்பட்டது. அதை ஃபால்ஸ் என்று வைத்திருந்தவர்களுக்கு இனி அந்த வரி வெறும் அலங்காரம்தான். பிரெஞ்சுப் பக்கத்தில் 1500.50 என்பது 1500,50 ஆகும். வாசகருக்கு அது சரியே. ஆனால் டெம்ப்ளேட்டுக்குள் ஜாவாஸ்கிரிப்டுக்கு அந்த எண்ணைக் கொடுத்திருந்தால், அது காற்புள்ளியில் நின்று 1500 என்று மட்டும் எடுத்துக்கொள்ளும். கோவில் இருப்பிடத்தைக் காட்டும் வரைபடத்திலும் இதே கதைதான்: -20.24, 57.47 என்ற ஆயங்கள் காற்புள்ளிகளோடு போனால் வரைபடம் வெற்றாக நிற்கும். எல்10என் தொகுப்பை ஏற்றி, அந்த இடங்களில் அன்லோக்கலைஸ் வடிகட்டியைப் போடுங்கள். சோதிக்கும்போது பிரெஞ்சுப் பக்கத்தையே திறந்து பாருங்கள், ஆங்கிலப் பக்கத்தில் இந்தப் பிழை தெரியாது.

கோப்புச் சேமிப்பு: டிஃபால்ட்_ஃபைல்_ஸ்டோரேஜ், ஸ்டாடிக்ஃபைல்ஸ்_ஸ்டோரேஜ் இரண்டையும் 5.1 கண்டுகொள்வதே இல்லை, பிழையும் காட்டாது. திருவிழாப் படங்களை மேகச் சேமிப்பகத்தில் வைத்திருந்தால் புதிய படங்கள் மட்டும் சர்வர் வட்டில் போய்ச் சேரும். 4.2-இலேயே ஸ்டோரேஜஸ் அமைப்புக்கு மாறிவிடுங்கள். அதில் டிஃபால்ட், ஸ்டாடிக்ஃபைல்ஸ் என்ற இரண்டு பெயர்களையும் எழுத வேண்டும். ஒன்றை மட்டும் எழுதினால் மற்றது இயல்பு நிலைக்குப் போகாது, கிடைக்கவில்லை என்று பிழை வரும்.

ரசீது இணைப்புகளில் யூயூஐடி (ஒவ்வொன்றுக்கும் தனித்த நீண்ட அடையாளக் குறி) பயன்படுத்தினால் ஒன்று கவனியுங்கள். மரியாடிபி 10.7-இலும் அதற்கு மேலும், 5.0 முதல் ஜாங்கோ அதைத் தனி வகையாகக் கையாள்கிறது. பழைய 32 எழுத்துப் புலத்தில் கோடுகளோடு கூடிய 36 எழுத்தைத் தேடும், பொருந்தாது, பழைய ரசீதுகள் எல்லாம் கிடைக்கவில்லை என்று வரும். உங்கள் 10.6-இல் இது இன்று நடக்காது. உபுண்டு 24.04-க்கு மாறும் நாளில், அதோடு வரும் 10.11-இல் நடக்கும். ஆகவே ஜாங்கோவையும் சர்வரையும் ஒரே வாரத்தில் மாற்றாதீர்கள். சர்வரை மாற்றும் முன், 32 எழுத்தாகவே வைத்திருக்கும் சிறிய புல வகுப்பு ஒன்றை எழுதிப் பழைய புலங்களுக்குப் போட்டுவிடுங்கள். 5.0-இன் வெளியீட்டுக் குறிப்பிலேயே அதன் மாதிரி இருக்கிறது.

மற்றவை எளியவை. வெளியேறு என்பது வெறும் இணைப்பாக இருந்தால் 405 பிழை வரும், அதைப் போஸ்ட் படிவமாக்குங்கள். இண்டெக்ஸ்_டுகெதர் (பல புலங்களுக்குச் சேர்த்து வைக்கும் தேடல் குறியீடு) இருந்தால் இண்டெக்ஸஸுக்கு மாற்றுங்கள். தமிழ்ப் பெயர்களுக்கு ஆபத்தில்லை: 5.2 இணைப்பின் எழுத்துத்தொகுதியை யூடிஎஃப்8எம்பி4 ஆக்கியிருக்கிறது, பழைய தொகுதியில் சேமித்த தமிழும் சரியாகவே வரும்.

புதியதில் உங்களுக்கு உடனே பயன்படக்கூடியது 5.1-இல் வந்த லாகின் ரிக்வயர்டு மிடில்வேர். போட்டுவிட்டால் எல்லாப் பக்கமும் உள்நுழைவு கேட்கும், பொதுப் பக்கங்களுக்கு மட்டும் விலக்குக் குறி வைத்தால் போதும். பக்தர்களின் தொலைபேசி எண்கள் இருக்கும் தளத்தில், பூட்ட மறந்த ஒரு பக்கம் பெரிய ஆபத்து. இதைத் தவறாமல் போடுங்கள்.

தை மாதத்தில் இந்த வேலையை எடுக்காதீர்கள். காவடி முடிந்து, ரசீதுக் கணக்கு முடித்த பிறகு ஒரு வார நாள் இரவில் செய்யுங்கள். பழைய மெய்நிகர் சூழலை அழிக்காமல் வைத்தால், சிக்கல் வந்தால் சில நிமிடங்களில் 4.2-க்குத் திரும்பலாம். நேரத்தை மாற்றும் மைக்ரேஷனும் ஓடியிருந்தால் மட்டும் அப்படித் திரும்பக் கூடாது. முதலில் அதன் பின்செயலை ஓட்டுங்கள், அல்லது முன்பு எடுத்த தரவுப் பிரதியை மீட்டுவிட்டுப் பழைய பதிப்பைத் திறங்கள்.