ராக்ஃபெல்லர்: போட்டி போடப் பிடிக்காத போட்டியாளர் (கேள்வி பதில்)

ஸ்டாண்டர்ட் ஆயில் என்ற அமெரிக்க எண்ணெய்க் கம்பெனியின் முதலாளி ஜான் டி. ராக்ஃபெல்லரைப் பற்றி நிறைய கேள்விகள் வந்துவிட்டன, முடிந்தவரை சொல்கிறேன்.

கே: அண்ணா, ஜெயிக்கிற வெறி அவருக்கு அப்பாவிடமிருந்து வந்ததா?

ப: வெறி எல்லாம் இல்லை. அப்பா ஊர் ஊராகப் போலி மருந்து விற்றவர், பிள்ளைகள் விவரமாக வளரட்டும் என்று அவர்களையே ஏமாற்றுவேன் என்று பெருமையடித்தவர். மகன் 16 வயதில், 1855-ல், கிளீவ்லாந்தில் கணக்கு எழுதப் போனார். வேலை கிடைத்த செப்டம்பர் 26-ஐ ஆயுசுக்கும் கொண்டாடினார். கோடீஸ்வரரான பிறகும் அவர் புத்தி கணக்குப்பிள்ளை புத்திதான்.

கே: போட்டிக் கம்பெனிகளை மிரட்டியா வாங்கினார்?

ப: சத்தம் போட்டு மிரட்ட வேண்டிய அவசியமே இல்லை. 1872-ல் ரயில் கம்பெனிகளோடு ரகசியமாக ஒரு ஏற்பாடு: இவர் கூட்டணிச் சரக்குக்குக் கட்டணத்தில் தள்ளுபடி, அது போக மற்றவர்கள் கட்டும் கட்டணத்திலும் ஒரு பங்கு இவர்களுக்கு! எதிராளி எண்ணெய் அனுப்ப அனுப்ப இவர் கல்லா நிறையும். விஷயம் வெளியே கசிந்து, எண்ணெய் எடுப்பவர்கள் கொதித்தெழுந்து, திட்டம் நடைமுறைக்கு வராமலே செத்துப்போனது. ஆனால் அந்தச் சில வாரங்களுக்குள் கிளீவ்லாந்தில் இருந்த 26 சுத்திகரிப்பு ஆலைகளில் 22 இவர் கைக்கு வந்துவிட்டன. ஆலைக்காரர்களிடம் தன் கணக்குப் புத்தகத்தையே திறந்து காட்டுவார். இவ்வளவு குறைந்த செலவில் இவரால் எண்ணெய் காய்ச்ச முடிகிறதென்றால் நாம் எங்கே நிற்பது என்று அவர்களே விற்றுவிடுவார்கள். பணம் வேண்டாம், ஸ்டாண்டர்ட் பங்காக வாங்கிக்கொள்ளுங்கள் என்றும் சொன்னார். அந்தப் பேச்சைக் கேட்டவர்கள் பிழைத்தார்கள். போட்டி என்பதே வீண்செலவு என்று நினைத்த ஆள் அவர், ஜெயிப்பதைவிட ஆட்டத்தையே முடித்துவிடுவதுதான் குறி.

கே: ஒரு சொட்டு ஈயத்தை மிச்சப்படுத்திய கதை நிஜமா?

ப: நிஜம்தான். மண்ணெண்ணெய் டின்னை மூட 40 சொட்டு ஈயம் வைத்தார்கள். 38 போட்டுப் பாருங்கள் என்றார், சில டின்கள் ஒழுகின. 39-ல் ஒழுகவில்லை, அதுவே விதியானது.

கே: சார், சின்னதாகத் தொழில் செய்கிறேன். அவரிடம் எதைக் கற்கலாம்?

ப: முன்கூட்டியே தயாராவதை. 1865-ல், ஸ்டாண்டர்டுக்கு முன்பு, கூட்டாளிகளோடு பிரிந்தபோது அப்போதைய எண்ணெய்க் கம்பெனியை அவர்களுக்குள்ளேயே ஏலம் விட்டார்கள். 500 டாலரில் தொடங்கி 72,500-ல் இவர் எடுத்தார். சண்டை வெடிப்பதற்கு முன்பே வங்கிக்காரர்களைப் பேசி வைத்திருந்தார், அதுதான் விஷயம். ரயில் ஏற்பாட்டை மட்டும் தொடாதீர்கள், இன்று சட்டம் விடாது.

கே: கடைசியில் அரசாங்கம் அவரைத் தோற்கடித்ததே?

ப: 1911-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம், ஏகபோகம் என்று சொல்லி ஸ்டாண்டர்டை 34 கம்பெனிகளாக உடைத்தது உண்மை. எல்லாவற்றிலும் அவருக்குப் பங்கு இருந்தது, பங்கு விலைகள் எகிறின, முன்பைவிடப் பணக்காரரானார். தீர்ப்பு வந்தபோது கோல்ஃப் ஆடிக்கொண்டிருந்தாராம். கூட ஆடிய பாதிரியாரிடம், கையில் பணம் இருந்தால் ஸ்டாண்டர்ட் பங்கு வாங்குங்கள் என்றாராம்.