பேச்சுவார்த்தை யார் காதில் விழுகிறது?

மதிப்பிற்குரிய ஐயா,

தொழிற்சங்கங்களின் உள் ஜனநாயகம் பற்றிய தங்கள் கட்டுரையை வாசித்தேன். நீண்ட காலம் கிளைச் செயலாளராக இருந்தவன் என்ற முறையில் எனக்கு ஓர் ஐயம். வேலைநிறுத்தம் போரைப் போன்றது. நிர்வாகம் நொடியில் முடிவெடுக்கையில், நாம் எல்லாவற்றுக்கும் பொதுக்குழுவைக் கூட்டிக்கொண்டிருந்தால் போராட்டம் கலைந்துவிடாதா?

தங்கள் வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

போர் என்ற உவமையையே நான் ஏற்கவில்லை. படைவீரனைக் கட்டாயப்படுத்தி நிறுத்தலாம். தொழிலாளியோ சம்பளத்தை இழந்து, தானே விரும்பி வந்து நிற்கிறான்.

அப்போது கம்யூனிஸ்ட் ஆட்சியில் இருந்த போலந்தின் கிதான்ஸ்க் நகரில், கிரேன் இயக்குநர் அன்னா வாலென்டினோவிச்சின் பணிநீக்கத்தை எதிர்த்து லெனின் கப்பல் கட்டும் தளத்தில் 1980 ஆகஸ்ட் 14 அன்று தொடங்கிய வேலைநிறுத்தத்தை, ஊதிய உயர்வுக்கும் அவரது மறுநியமனத்துக்கும் நிர்வாகம் இணங்கியதும், 16ஆம் தேதியே முடிந்ததாகப் போராட்டத் தலைவர் லெக் வலேசா அறிவித்துவிட்டார். நீங்கள் சொல்லும் விரைவு அதில் இருந்தது. ஆனால் ஆதரவாக வேலையை நிறுத்தியிருந்த சிறு ஆலைகளும் டிராம் ஊழியர்களும் நட்டாற்றில் விடப்பட்டனர். வாலென்டினோவிச்சும் செவிலியர் அலினா பியென்கோவ்ஸ்காவும் வெளியேறிக்கொண்டிருந்தவர்களை வாயிலில் நின்று தடுத்தார்கள். வலேசாவும் மனம் மாற, அன்றிரவு பல ஆலைகளின் கூட்டு வேலைநிறுத்தக் குழு உருவானது.

அதன்பின் துணைப் பிரதமர் யாகியெல்ஸ்கியுடன் 21 கோரிக்கைகள் மீது நடந்த பேச்சு, ஒலிபெருக்கி வழியே தளம் முழுவதும் கேட்டது; மற்ற ஆலைகளின் பிரதிநிதிகள் அதை ஒலிநாடாவில் பதிந்து தங்கள் தொழிலாளருக்குப் போட்டுக் காட்டினார்கள். எவரும் முதுகுக்குப் பின்னால் பேரம் பேச வழியில்லை. காலதாமதம் ஆனதா என்றால், யாகியெல்ஸ்கி வந்தது 23ஆம் தேதி, உடன்பாடு கையெழுத்தானது 31ஆம் தேதி.

அதே இயக்கம், ஏறத்தாழ ஒரு கோடி உறுப்பினர் கொண்ட சாலிடாரிட்டி என்ற தொழிற்சங்கமாக வளர்ந்தபின், 1981 மார்ச் 30 அன்று வேறுவிதமாக நடந்துகொண்டது. மறுநாள் தொடங்கவிருந்த நாடுதழுவிய வேலைநிறுத்தத்தை வலேசாவும் உடனிருந்த சிலரும் வார்சாவில் அரசுடன் பேசி நிறுத்திவைத்தார்கள். தேசியக் குழுவின் ஒப்புதல் பிறகுதான் பெறப்பட்டது. சோவியத் படை நுழையக்கூடும் என்ற அச்சம் நிலவிய அந்நாளில் முடிவு சரியானதாகவே இருந்திருக்கலாம், நான் அப்படித்தான் நினைக்கிறேன். ஆயினும் எடுத்த விதத்தை ஏற்காமல் செய்தித்தொடர்பாளர் கரோல் மொட்செலெவ்ஸ்கி பதவி விலகினார். அந்த ஆண்டின் சங்க மாநாட்டில் நடந்த தலைவர் தேர்தலில், மூவரை எதிர்த்து நின்ற வலேசாவுக்குக் கிடைத்தது 55 விழுக்காடு வாக்குகள்தான்.

எல்லாவற்றுக்கும் பொதுக்குழுவைக் கூட்ட வேண்டியதில்லை, நண்பரே. நிர்வாகத்தின் அறையில் காலையில் பேசியது மாலை வாயிற்கூட்டத்தில் ஒளிவுமறைவின்றிச் சொல்லப்பட்டதா, கையெழுத்திடும் முன் கேட்கப்பட்டதா என்பதே என் கேள்வி. உங்கள் கிளையில் அது எப்படி நடந்தது என்று எழுதுங்கள்.