கருத்தடை செய்த பிறகும் பூனை கதவிலும் சுவரிலும் பீய்ச்சினால்

கருத்தடை செய்து ஒரு வருடம் ஆகியும் உங்கள் ஆண் பூனை கதவிலும் திரைச்சீலையிலும் சிறுநீர் பீய்ச்சுகிறது, அடித்தால் திருந்துமா என்று கேட்டிருக்கிறீர்கள். தயவுசெய்து அடிக்காதீர்கள். பயத்தில் இன்னும் அதிகமாகத்தான் செய்யும். பழிவாங்குவதற்காகவும் அது இதைச் செய்யவில்லை.

எங்கள் சோமுவும் இப்படித்தான். ஏழாம் மாதத்தில் கருத்தடை செய்தோம், மூன்று வயதில் திடீரென்று ஆரம்பித்தான். கருத்தடை செய்த ஆண் பூனைகளில் ஏறக்குறைய பத்தில் ஒன்று இந்தப் பழக்கத்தை விடுவதில்லை என்பது அப்புறம்தான் தெரிந்தது.

முதலில் உங்கள் பூனை நின்றுகொண்டு பீய்ச்சுகிறதா, உட்கார்ந்து போகிறதா என்று பாருங்கள். சோமு பால்கனிக் கதவுக்கு முதுகைக் காட்டி நிற்பான். வால் நேராகத் தூக்கியிருக்கும், நுனி மட்டும் நடுங்கும், பின்னங்கால்கள் மாறி மாறி மிதிக்கும். அடுத்த நொடி தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் கதவில் ஈரக்கோடு. இது எல்லை குறிப்பது. உட்கார்ந்து மெத்தையிலோ தரையிலோ நிறையப் போனால் அது வேறு பிரச்சினை, மணல் தட்டிலோ உடம்பிலோ ஏதோ சரியில்லை.

எதுவானாலும் ஒரு தடவை மருத்துவரிடம் காட்டி சிறுநீரைப் பரிசோதித்துவிடுங்கள். சிறுநீர்ப்பை அழற்சி இருந்தாலும் கண்ட இடத்தில் போகும். ஆண் பூனை திரும்பத் திரும்ப முக்கியும் ஒரு சொட்டும் வராவிட்டால் இரவு என்றாலும் காத்திருக்காமல் தூக்கிக்கொண்டு ஓடுங்கள். அடைப்பு ஓரிரு நாளில் உயிரை எடுத்துவிடும்.

சோமுவுக்கு உடம்பில் ஒன்றும் இல்லை. காரணம் வெளியே இருந்தது. ஒருநாள் விடியற்காலை நாலு மணிக்கு எழுந்தபோது, எதிர்ச் சுற்றுச்சுவரில் ஒரு பெரிய கடுவன் பூனை, காது கிழிந்தவன், எங்கள் பால்கனியையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். உள்ளே சோமு கண்ணாடியோடு ஒட்டி நின்று அடித்தொண்டையில் உறுமிக்கொண்டிருந்தான். கறை இருந்த இடங்களை நினைத்துப் பார்த்தேன்: பால்கனிக் கதவு, அதன் திரை, வாசலில் செருப்பு வைக்கும் அலமாரி. எல்லாமே அந்தக் கடுவன் வந்து போகும் பக்கம்.

கண்ணாடியின் கீழ்ப்பாதியில் வெளியே தெரியாதபடி ஸ்டிக்கர் ஒட்டினேன். பக்கத்து வீட்டு அக்கா அந்தக் கடுவனுக்குச் சுவரடியில் சோறு வைப்பார். விஷயத்தைச் சொன்னதும், "அட, எனக்குத் தெரியாதேம்மா" என்று தட்டைப் பின்பக்கம் மாற்றிவிட்டார். அடுத்த மாதம் ஆளுக்குப் பாதி பணம் போட்டு அவனுக்கும் கருத்தடை செய்தோம். எல்லாவற்றிலும் அதிகம் பலன் தந்தது இதுதான்.

சுத்தம் செய்வதில் நான் பெரிய தப்பு செய்தேன். ஒரு வாரம் ஃபினைல் ஊற்றித் துடைத்தேன். நமக்கு வாடை போய்விடும், பூனைக்குப் போகாது, திரும்ப அங்கேயே குறிக்கும். அதைவிட மோசம், ஃபினைல் பூனைக்கு விஷம். அதில் இருக்கும் ஃபீனாலை முறிக்கும் சக்தி பூனையின் கல்லீரலுக்கு மிகக் குறைவு. ஈரத்தரையில் நடந்துவிட்டுப் பாதத்தை நக்கினாலே உள்ளே போய்விடும். செல்லப்பிராணிக் கடைகளில், சிறுநீர் வாடையையே சிதைத்துவிடும் என்சைம் கிளீனர் கிடைக்கும். அதைத் தாராளமாகத் தெளித்து, பாட்டிலில் போட்டிருக்கும் நேரம் ஊறவிட்டுத் துடையுங்கள். இரவில் விளக்கை அணைத்து அல்ட்ராவயலட் டார்ச் அடித்தால் பழைய கறைகள் மின்னும். கேஸ் சிலிண்டருக்குப் பின்னால் ஒன்று இருந்தது எங்களுக்கு அப்படித்தான் தெரிந்தது.

துடைத்த இடம் காய்ந்ததும் சாப்பாட்டுக் கிண்ணத்தை அங்கே வைத்தேன். சாப்பிடும் இடத்தில் பூனைகள் பெரும்பாலும் குறிப்பதில்லை. மணல் தட்டு, பூனைகளின் எண்ணிக்கையைவிட ஒன்று கூடுதலாக இருக்கட்டும், தினமும் அள்ளிவிடுங்கள்.

ஆறு வாரத்தில் சோமு ஏறக்குறைய நிறுத்திவிட்டான். இத்தனையும் செய்து உங்கள் பூனை நிறுத்தாவிட்டால் மருத்துவரிடம் ஃப்ளூவாக்செடின் என்ற மனப்பதற்றத்தைக் குறைக்கும் மருந்து பற்றிக் கேளுங்கள், பல பூனைகளுக்கு அது உதவுகிறது. அளவை அவர்தான் சொல்ல வேண்டும். மனிதர்களுக்கான மாத்திரையை நீங்களாக உடைத்துக் கொடுத்துவிடாதீர்கள். எங்கள் தெருவில் புதுப் பூனை வரும்போது இன்றும் சோமு ஒருமுறை அந்தப் பால்கனிக் கதவில் பீய்ச்சுவான். அன்றைக்கே துடைத்துவிட்டு, அரை மணி நேரம் கூடுதலாக அவனோடு விளையாடுகிறேன்.