ஊர் ருசி வெளியூர்ல கெடைக்குமா?

கேள்வி: அக்கா, எனக்கு ஊரு ராமநாதபுரம் மாவட்டத்துல தொண்டி, இப்ப கோயம்புத்தூர்ல இருக்கேன். மளிகை வாங்கப் போறதுன்னா அவ்ளோ இஷ்டம், கடை கடையா நம்ம ஊர் சாமானைத்தான் தேடுவேன். எதெல்லாம் பாத்து வாங்கலாம்?

பதில்: மொதல்ல முண்டு வத்தல் தேடும்மா. ராமநாதபுரம் முண்டு மிளகாய்க்கு 2023ல புவிசார் குறியீடே கெடைச்சிருக்கு, உருண்டையா தடிச்ச தோலோட பளபளன்னு இருக்கும், பாக்கெட்ல வாங்காம மூட்டையைத் தொறந்து வச்சு விக்கிற பழைய கடையாப் போய் கையில அள்ளிப் பாத்து வாங்கு, அதை அரைச்சு ஊத்துன மீன் கொழம்பு வாசமே தனி. நெத்திலிக் கருவாடு ஈரமில்லாம காஞ்சிருக்கணும். கீழக்கரை தொதல் (எனக்கு உசுரு அது), தேங்காப்பாலும் கருப்பட்டியும் ஊத்திக் கிண்டுற அல்வா மாதிரி இனிப்பு, அதை மட்டும் ஊர்லேர்ந்து வர்றவங்ககிட்ட சொல்லிவிடு. பனங்கிழங்கு பொங்கல் சமயத்துல தள்ளுவண்டியிலயே வரும், விட்றாத.