பி.டி. பீரியட் மட்டும் போதுமா?

எட்டாவது படிக்கும் என் மகனுக்கு வாரம் இரண்டு பி.டி. பீரியட். ஞாயிற்றுக்கிழமை முழுக்கத் தெருவில் கிரிக்கெட். இது போதாதா?
- வாசகி, தேனி

போதாது. 5 முதல் 17 வயது வரை, வாரச் சராசரியாக நாளுக்கு 60 நிமிடம் உடல் நன்றாக அசைய வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனத்தின் 2020 வழிகாட்டுதல். வாரத்தில் மூன்று நாளாவது நன்றாக மூச்சு வாங்க வேண்டும்; தசைக்கும் எலும்புக்கும் வேலை இருக்க வேண்டும். கணக்குப் பார்க்கக் கருவி எதுவும் வேண்டாம். பேச முடிகிறது, பாட முடியவில்லை என்றால் அது மிதமான வேகம். நாலு வார்த்தைக்கு ஒருமுறை மூச்சை இழுத்தால் கடுமையான வேகம்.

பீரியடில் வரிசை, அட்டெண்டன்ஸ், பந்துக்குக் காத்திருப்பது எல்லாம் போக ஓடும் நேரம் எவ்வளவு என்று மகனிடமே கேளுங்கள். தெருக் கிரிக்கெட்டிலும் பந்து போடுபவனும் அடிப்பவனும்தான் வியர்ப்பார்கள். மற்றவர்கள் பெரும்பாலும் நிற்பவர்கள்தான். பள்ளிக்கு 20 நிமிடம் சைக்கிள், திரும்ப 20 நிமிடம், மாலையில் 20 நிமிடம் கபடியோ ஷட்டிலோ என்றால் அன்றைய கணக்கு முடிந்தது.

நம் பிள்ளைகள் மட்டும்தான் இப்படியா?
- வாசகர், கரூர்

இல்லை. 146 நாடுகளின் 11–17 வயது மாணவர்களைப் பற்றிய ஆய்வு 2019-ல் லான்செட் குழும மருத்துவ இதழில் வந்தது. 2016 நிலவரப்படி உலக அளவில் 81 சதவீதம் பேர் அந்த 60 நிமிடத்தை எட்டவில்லை. இந்தியாவில் சுமார் 74, வங்கதேசத்தில் 66, தென் கொரியாவில் 94. தென் கொரியாவைக் காட்டி நாம் தேறிவிட்டோம் என்று சொல்லிக்கொள்ள முடியாது. நான்கில் மூன்று பிள்ளைகள் போதிய அளவு அசைவதில்லை என்பதுதான் இதன் பொருள். தவிர, மாணவர்களே சொன்ன பதில்களை வைத்துப் போட்ட கணக்கு இது. பெண் பிள்ளைகளின் நிலை இன்னும் மோசம்.

ஏழாவது படிக்கும் மகளுக்குப் பள்ளியில் 600 மீட்டர் ஓட்டச் சோதனை. பாதியிலேயே நின்றுவிடுகிறாள். 'அந்த' நாட்களில் ஓடலாமா?
- வாசகி, திருப்பூர்

பாதியில் நிற்பதற்குக் காரணம் பெரும்பாலும் முதல் 100 மீட்டர். 50 மீட்டர் ஓட்டம் போல நினைத்துப் பாய்கிறார்கள். அடுத்த சுற்றில் மூச்சு முட்டுகிறது. இந்தச் சோதனையில் நடக்கவும் அனுமதி உண்டு என்பதை முதலில் அவளிடம் சொல்லுங்கள். வாரம் மூன்று நாள், ஒரு நாள் விட்டு ஒரு நாள், 1 நிமிடம் மெதுவோட்டம், 1 நிமிடம் நடை என்று பத்து முறை. இரண்டாம் வாரம் ஓட்டம் ஒன்றரை நிமிடம், மூன்றாம் வாரம் 2 நிமிடம். நடை அதே 1 நிமிடம்தான். முதல் சுற்றில் பக்கத்தில் ஓடுபவளிடம் பேச முடியாவிட்டால் வேகம் அதிகம். சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்து ஓடட்டும். விலாவில் குத்துவது குறையும்.

மாதவிடாய் நாட்களில் தாராளமாக ஓடலாம். வலி கடுமையாக இருந்தாலோ தலை சுற்றினாலோ அன்று ஓய்வு. ஒவ்வொரு மாதமும் அப்படியென்றால் மருத்துவரைப் பாருங்கள், ரத்தசோகை இருக்கிறதா என்றும் பார்க்கச் சொல்லுங்கள். மைதானத்தை விட்டுப் பெண்கள் ஒதுங்குவதற்குச் சோம்பல் காரணமில்லை. கறை பயமும் பொருந்தாத உள்ளாடையும்தான் பல வீடுகளில் காரணம். அடர் நிற டிராக் பேன்ட், விளையாட்டு உள்ளாடை, பையில் மாற்று நாப்கின் – இவற்றை முதலில் வாங்கிக் கொடுங்கள்.

ஸ்கிப்பிங் ஆடினால் உயரம் கூடுமா?
- வாசகர், நாகர்கோவில்

கூடாது. ஆனால் எலும்பு உறுதிப்படும். கயிற்றின் நடுவை மிதித்து நின்றால் கைப்பிடி அக்குள் வரை வர வேண்டும். நீளம் கூடினால் காலில் சிக்கும். ஒரு அங்குலம் எழும்பினால் போதும், கயிற்றைச் சுழற்ற வேண்டியது மணிக்கட்டு. 20 விநாடி குதி, 40 விநாடி ஓய்வு, பத்து முறை. கான்கிரீட் மொட்டை மாடியில் வெறுங்காலோடு குதித்தால் முழங்காலுக்குக் கீழே முன்னெலும்பு வலிக்கும். மண் தரையோ ஷூவோ இருக்கட்டும். வலி வந்தால் ஒரு வாரம் சைக்கிளுக்கு மாறச் சொல்லுங்கள்.