அவன் வயிற்றுவலி பொய்யில்லை அம்மா

குலசேகரத்திலிருந்து எழுதிய அம்மாவுக்கு,

எட்டாம் வகுப்புப் பையனைப் பத்தாவது முடித்ததும் எந்த குரூப்பில் சேர்ப்பது என்று கேட்டிருக்கிறீர்கள். அதைவிட, இடையில் போகிற போக்கில் எழுதிய ஒரு வரிதான் என்னைப் பிடித்து நிறுத்தியது: தமிழ் வகுப்பு இருக்கும் நாளில் மட்டும் காலையில் வயிறு வலிக்கிறது என்கிறான். அது நடிப்பு இல்லை. எழுந்து நின்று வாசிக்கச் சொல்வார்கள், ழ ள ல எல்லாம் கண்முன் குழம்பும், பின்பெஞ்சில் சிரிப்பு கேட்கும் என்று ராத்திரியே பயந்து படுக்கிற பிள்ளைக்கு உண்மையிலேயே வலிக்கும். 2011 கணக்கெடுப்பில் 91.75 சதவீத எழுத்தறிவோடு தமிழ்நாட்டிலேயே முதலில் நின்ற மாவட்டம் நம்முடைய கன்னியாகுமரி. இங்கே வாசிக்கத் திணறும் பிள்ளைக்கு வெட்கம் இரண்டு மடங்கு, வீட்டில் சித்தப்பா பிள்ளைகளோடு ஒப்பிட்டால் இன்னும் கூடும். "படிப்பு வேண்டாம், மாமாகூட ரப்பர் பால் வெட்டப் போறேன்" என்று அவன் சொல்வதை விருப்பம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள், அந்த வெட்கத்திலிருந்து தப்பிக்க அவனுக்குத் தெரிந்த ஒரே வழி அது.

நீங்கள் எழுதியதைப் பார்த்தால் டிஸ்லெக்சியாவாக இருக்கலாம். எழுத்தையும் அதன் ஒலியையும் சேர்த்துப் பிடிப்பதில் வரும் சிரமம் அது, புத்திக்குறைவும் இல்லை, சோம்பலும் இல்லை. குடும்பத்தில் தொடர்ந்து வருவதும் உண்டு, அப்பாவும் சின்ன வயதில் இப்படித் திணறினாரா என்று மெதுவாகக் கேட்டுப் பாருங்கள். முதலில் கண்ணையும் காதையும் காட்டிவிட்டு, ஆசாரிப்பள்ளம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் கற்றல் குறைபாட்டுக்கான பரிசோதனைக்கு எங்கே போக வேண்டும் என்று விசாரியுங்கள். 2016-ம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் உள்ள 21 வகைகளில் இதுவும் ஒன்று. சான்றிதழ் இருந்தால் பொதுத்தேர்வில் கூடுதல் நேரம், சொல்வதை எழுத ஆள் போன்ற சலுகைகள் கேட்கலாம், ஆனால் தலைமையாசிரியர் வழியாக முன்கூட்டியே விண்ணப்பிக்க வேண்டும். அதனால் பத்தாவது வரட்டும் என்று காத்திருக்காதீர்கள்.

அதற்குள் வீட்டில் ஒன்று செய்யுங்கள். விருந்தாளிகள் முன்னால் வாசிக்கச் சொல்வதை இன்றோடு நிறுத்துங்கள். ராத்திரி பாடத்தை நீங்கள் வாசியுங்கள், அவன் கேட்டுவிட்டு வாயால் சொல்லட்டும். "மக்களே, இது உன் தப்பு இல்ல" என்று ஒரு தடவை அவன் முகத்தைப் பார்த்துச் சொல்லுங்கள், இத்தனை வருஷத்தில் யாரும் அதை அவனிடம் சொல்லியிருக்க மாட்டார்கள். வகுப்பாசிரியரைத் தனியாகப் பார்த்து, வரிசையில் அவன் முறை வரும்போது வாசிக்க வைக்காமல் கேள்வியாகக் கேட்கும்படி வேண்டிக்கொள்ளுங்கள்.

சரி, குரூப் விஷயம். அதை இப்போது முடிவு செய்ய வேண்டாம். நாகர்கோவில் கோணம் பகுதியில் அரசு பாலிடெக்னிக்கும் ஐடிஐயும் இருக்கின்றன, பத்தாவது முடித்தவன் இரண்டுக்கும் போகலாம், பிளஸ் ஒன்னும் கைவிட்டுப் போய்விடாது. கிணற்று மோட்டாரைத் தானே கழற்றி ஓட வைத்தான் என்று எழுதியிருந்தீர்களே, அடுத்த முறை வரும்போது அவனையும் கூட்டிக்கொண்டு வாருங்கள். அதை எப்படிச் செய்தான் என்று அவன் வாயாலேயே கேட்க வேண்டும்.