மூலப் பாடலையே மிஞ்சிய கவர் வெர்ஷன் (ஒருவர் பாட்டை இன்னொருவர் தன் பாணியில் பாடிப் பதிவது) என்று எந்த ராக் பாடலைச் சொல்வீர்கள்?

எல்லோரும் சொல்லும் பதில்தான் என்னுடையதும்: அமெரிக்கப் பாடகர் பாப் டிலன் எழுதிப் பாடிய ‘ஆல் அலாங் தி வாட்ச்டவர்’, கிடார் கலைஞர் ஜிமி ஹெண்ட்ரிக்ஸ் வாசித்தது. ஆனால் ‘மிஞ்சியது’ என்ற சொல்லில் எனக்கு இப்போது கொஞ்சம் தயக்கம் உண்டு.

கல்லூரியில் படித்தபோது நண்பன் பதிந்து கொடுத்த கேசட்டில் ஹெண்ட்ரிக்ஸைத்தான் முதலில் கேட்டேன். அது அவருடைய சொந்தப் பாட்டு என்றே பல வருஷம் நினைத்திருந்தேன். பிறகு டிலனைக் கேட்டபோது, ஒத்திகையைப் பதிவு செய்து அப்படியே வெளியிட்டுவிட்டார்களோ என்று தோன்றியது. அக்கூஸ்டிக் கிடார், மௌத் ஆர்கன், பேஸ், டிரம்ஸ். இரண்டரை நிமிஷத்தில் முடிந்துவிடுகிறது. 1967-இல் மற்றவர்களெல்லாம் ஸ்டூடியோவில் ஒலி மேல் ஒலியாக அடுக்கிக்கொண்டிருக்க, இவர் நாஷ்வில் போய் இரண்டே பக்கவாத்தியக்காரர்களை வைத்துக்கொண்டு இதைப் பாடிவிட்டு வந்திருக்கிறார்.

பாட்டில் பல்லவியே கிடையாது. மூன்று சரணம், திரும்பத் திரும்ப அதே மூன்று கார்டுகள் (சேர்ந்தொலிக்கும் சுரக்கூட்டுகள்). ஒரு கோமாளியும் ஒரு திருடனும் பேசிக்கொள்கிறார்கள். இங்கிருந்து தப்ப வழி இருக்கவேண்டுமே என்று ஒருவன் புலம்ப, பதறாதே, நேரமாகிவிட்டது என்கிறான் மற்றவன். மூன்றாவது சரணத்தில்தான் தலைப்பிலுள்ள ‘வாட்ச்டவர்’, அந்தக் காவல்கோபுரமே வருகிறது. தூரத்தில் இரண்டு குதிரைக்காரர்கள், எங்கோ ஒரு காட்டுப்பூனையின் உறுமல், ஊளையிடத் தொடங்கும் காற்று. அவ்வளவுதான், பாட்டு முடிந்துவிடும். வருகிற இருவரும் அந்தக் கோமாளியும் திருடனும்தானா? அப்படியென்றால் கதை முடிந்த இடத்திலிருந்துதான் பாட்டு தொடங்குகிறது. டிலன் இதையெல்லாம் ஊர்ச் செய்தி சொல்வதுபோல அலட்டாமல் பாடுகிறார். புயல் வரப்போகிறது என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு போய்விடுகிறார்.

ஹெண்ட்ரிக்ஸ் அந்தப் புயலையே வாசித்துக் காட்டுகிறார்.

டிலனின் ஆல்பம் வந்து ஒரு மாதம்கூட ஆகாத நிலையில், 1968 ஜனவரியில் லண்டன் ஒலிம்பிக் ஸ்டூடியோவில் பதிவைத் தொடங்கினார். டிராஃபிக் என்ற ராக் குழுவின் டேவ் மேசன் பன்னிரண்டு தந்தி கிடார் வாசித்தார். திரும்பத் திரும்ப வாசித்துப் பதிந்து டேக் மேல் டேக் போனதில், அவர் குழுவில் பேஸ் வாசிக்கும் நோயல் ரெடிங் சலித்துப்போய் வெளியே போய்விட, கடைசியில் பேஸையும் ஹெண்ட்ரிக்ஸே வாசித்தார். தொடக்கத்தில் தொடையில் தாளம் போட்டுப் பாருங்கள். முதல் தட்டு எது என்று நிச்சயம் குழம்புவீர்கள். எனக்கு இன்னமும் சில நாள் தவறுகிறது.

டிலன் சரணங்களுக்கு நடுவில் ஊதும் மௌத் ஆர்கனை யாரும் பெரிதாகப் பேசுவதில்லை. ஒற்றை ஆள் வெட்டவெளியில் கூப்பிடுவதுபோல இருக்கும் அது. ஹெண்ட்ரிக்ஸின் காது அங்கேதான் போயிருக்கிறது என்பது என் ஊகம். அந்த இடைவெளிகளைத்தான் அவர் கிடாரால் நிரப்புகிறார். நடுவில் வரும் நீண்ட சோலோ நான்கு துண்டாகப் பிரியும்: முதலில் நேரடியாக ஒரு பாய்ச்சல், பிறகு தந்தி மேல் ஸ்லைடை வைத்து வழுக்கிக்கொண்டு போவது, அப்புறம் காலால் மிதித்து ஒலியை மாற்றும் ‘வா-வா’ பெடலில் பேசுவது, கடைசியில் கார்டுகளாகவே அடித்து ஏறுவது. ஒவ்வொரு துண்டிலும் ஒலியே வேறாகிவிடும். கடைசிச் சரணத்தில் காற்று என்ற சொல் வந்ததும் கிடார் மேலே ஏறும் பாருங்கள், அதற்கு மேல் வார்த்தைக்கு வேலையே இல்லை.

அமெரிக்காவில் முதல் நாற்பது இடங்களுக்குள் வந்த ஹெண்ட்ரிக்ஸின் ஒரே சிங்கிள் (தனிப்பாட்டாக வெளியான இசைத்தட்டு) இதுதான், அதுவும் 20-ஆவது இடம். அவருடைய புகழ்பெற்ற ‘பர்ப்பிள் ஹேஸ்’ பாட்டுகூட அங்கே அந்த அளவுக்குப் போகவில்லை என்பது ஆச்சரியம்தான்.

1970-இல் ஹெண்ட்ரிக்ஸ் இறந்துபோனார். 1974 சுற்றுப்பயணத்திலிருந்து டிலனே மேடையில் இதை மின்கிடார் முழங்க, கிட்டத்தட்ட ஹெண்ட்ரிக்ஸ் பாணியில்தான் பாடிவருகிறார். ஹெண்ட்ரிக்ஸ் இறந்ததிலிருந்து அப்படித்தான் பாடுகிறேன் என்று சொல்லியும் இருக்கிறார். எழுதியவரே இப்படிச் சொன்னபின் நான் யார் வாதாட! இருந்தாலும், ராத்திரி விளக்கணைத்துவிட்டுக் கேட்டால் எனக்குப் பயம் வருவது டிலனிடம்தான். ஹெண்ட்ரிக்ஸிடம் வருவது மயிர்க்கூச்செறிவு. அது வேறு.

இரண்டையும் இதுவரை கேட்காதவர்கள் டிலனை முதலில் கேளுங்கள். மாற்றிக் கேட்டால் என்னைப்போல அவரை ‘ஒத்திகை’ என்று ஒதுக்கிவிட்டுப் பத்து வருஷம் கழித்துத் திரும்பி வரவேண்டியிருக்கும்.